புயலுக்கு முன் மூன்று நாள், பின் இருபது நாள்: நாகை, வேதாரண்யம் கரை ஊர்களின் அனுபவம்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை, 12.30 மணிக்கும் 2.30 மணிக்கும் இடையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் காற்று; இடையிடையே 120 வரை வீசியது. நள்ளிரவில் வரும் என்பது முந்தைய நாளே எல்லாருக்கும் தெரியும். ஆனால் கரை கடக்கும் நேரத்தையே வேலை முடிக்கும் கெடுவாக எடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். நவம்பரில் மாலை ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். காற்று 40 கிலோமீட்டரைத் தொட்டாலே ஏணியில் நிற்க முடியாது, தென்னையில் ஆள் ஏற முடியாது, தகரத்தைத் தூக்கினால் தூக்கியவரையும் சேர்த்து இழுக்கும். புயல் கரையைத் தொட எட்டுப் பத்து மணி நேரம் இருக்கும்போதே இந்த நிலை வந்துவிடும். ஆகவே நள்ளிரவுப் புயலுக்கு வெளிவேலை முடிய வேண்டிய நேரம் அன்று நண்பகல். விடியற்காலைப் புயல் என்றால் முந்தைய நாள் மாலை. இந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டுத்தான் மற்ற எதையும் தொடங்க வேண்டும்.

வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை நான்கு படியாக வரும். 72 மணி நேரத்துக்கு முன் புயல் கண்காணிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் முன்னெச்சரிக்கை, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன் கரை கடக்கும் இடமும் அதன்பின் உள்நாட்டில் என்ன நடக்கும் என்பதும். கிராமத்து வேலையை இந்தப் படிகளோடு பொருத்திக்கொள்வது நல்லது. ஆள் கூலி கொடுத்துச் செய்ய வேண்டியதெல்லாம் முதல் படியில்: தென்னை, வடிகால், படகு. வீட்டார் தாங்களே செய்யக்கூடியது இரண்டாம் படியில். மூன்றாம் படியில் ஆட்களை இடம் மாற்றும் வேலை மட்டுமே இருக்க வேண்டும். நான்காம் படியில் கதவைச் சாத்திக்கொண்டு வானொலி கேட்பதைத் தவிர எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது.

72 மணி நேரத்தில் எந்த ஊர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கஜாவுக்கு ஒரு கட்டத்தில் கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றுதான் எச்சரிக்கை வந்தது. அந்த இடைவெளிக்குள் இருக்கும் ஒவ்வொரு ஊரும் தனக்குத்தான் வருகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வராமல் போனால் ஒரு தேங்காய் வெட்டுக் கூலியும் கொஞ்சம் கயிறும் போகும், அவ்வளவுதான்.

துறைமுகத்தில் ஏற்றும் கூண்டின் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதிலும் தைரியம் கொள்வதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 1, 2 தொலைவில் கடலுக்குள் இருக்கும் புயலுக்கு. 3, 4 துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்பதற்கு. 5, 6, 7 மூன்றும் அபாயம். 8, 9, 10 மூன்றும் பெரும் அபாயம். இந்த மும்மூன்றுக்குள் எண் மாறுவது புயலின் பலம் கூடியதால் அல்ல. துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாக அது கடக்கும் என்பதால். ஐந்தாம் எண்தானே, ஏழு இல்லையே என்று படகைக் கரையேற்றாமல் விட்டால் நஷ்டம் படகுக்காரருக்குத்தான். 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

காற்று எந்தப் பக்கம்

வங்கக் கடல் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். மேற்கு நோக்கி நகர்ந்து கரை கடக்கும்போது, அதன் பாதைக்கு வடக்கே இருக்கும் ஊரில் முதலில் வாடை (வடக்குக் காற்று), பிறகு கொண்டல் (கிழக்குக் காற்று), கடைசியில் தென்கிழக்கிலிருந்து காற்று. கடல்நீரை ஊருக்குள் தள்ளுவது இந்தப் பக்கம்தான். பாதைக்குத் தெற்கே இருக்கும் ஊரில் வடமேற்கில் தொடங்கிக் கச்சானாக (மேற்குக் காற்றாக) திரும்பும். கடல் பின்வாங்குவதுகூட உண்டு. பாதை மேலேயே ஊர் இருந்தால் வடக்கிலிருந்து அடித்து, நடுவில் சட்டென்று ஓய்ந்து, பிறகு நேர் எதிராகத் தெற்கிலிருந்து அடிக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் எந்தச் சுவர் முதலில் அடி வாங்கும், எந்தத் தென்னை வீட்டின் மேல் சாயும், மாட்டை எந்தப் பக்கம் மறைவாக ஒதுக்கலாம் என்று முன்கூட்டியே பார்க்கலாம். ஒரு பக்கத்துக்கு மட்டும் முட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. வாடைக்கு முட்டுக் கொடுத்த கொட்டகை, காற்று திரும்பியதும் முட்டு இல்லாத பக்கம் விழும்.

கூரை

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்கு. 60 கிலோமீட்டரில் ஒரு சதுர மீட்டருக்கு 17 கிலோ அளவு தள்ளும். 110-ல் அதுவே 57 கிலோ. மூன்றடிக்கு ஏழடிக் கதவின் மேல் 110 கிலோ சாய்ந்து நிற்கிறது என்று கொள்ளலாம். உள்தாழ்ப்பாள் ஒன்று இதைத் தாங்காது. கதவின் குறுக்கே ஒரு கட்டையும் அதற்கு இரண்டு பக்கமும் கொக்கியும் வேண்டும்.

கூரைக்கு இதே கணக்கைப் போட்டால் மணல் மூட்டை பற்றிய நம்பிக்கை தெளிந்துவிடும். பத்தடிக்கு இருபதடி சிமெண்ட் அட்டைக் கூரை ஏறக்குறைய 18 சதுர மீட்டர். அதை மேல்நோக்கித் தூக்கும் விசை ஒரு டன்னுக்குப் பக்கம் வரும். அட்டையின் சொந்த எடை 250 கிலோ சுற்று. மீதியை மணல் மூட்டையால் ஈடுகட்ட 20 கிலோ மூட்டை 35, 40 வேண்டும். அத்தனையைப் போட்டால் காற்று வருவதற்கு முன்பே அட்டை நொறுங்கும். கூரையைப் பிடித்து வைப்பது கொக்கி போல்டுதான். அட்டை ஒவ்வொன்றும் ஓரத்துச் சட்டத்திலும் நடுச் சட்டத்திலும் போல்டு போட்டு, அகலமான வாஷரோடு முறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடற்கரை உப்புக்காற்றில் போல்டு ஐந்தாறு வருடத்தில் கழுத்தில் மெலிந்துவிடும், வெளியே தலை மட்டும் நன்றாகத் தெரியும். சந்தேகமானதை மாற்றிவிடுவது மேல். அட்டை முதலில் கிளம்புவது மூலைகளிலும் இறவாணத்திலும் முகட்டிலும். எல்லாவற்றுக்கும் பணம் இல்லை என்றால் இந்த இடங்களுக்குப் புதுப் போல்டு போடலாம். சட்டத்தையே சுவரோடு பிணைக்காமல் வெறுமனே உட்கார வைத்திருந்தால் போல்டு நன்றாக இருந்தும் பயன் இல்லை. சட்டத்தோடு சேர்ந்து பறக்கும். தடித்த ஜி.ஐ. கம்பியைச் சட்டத்தின் மேல் சுற்றிச் சுவருக்குள் பதித்த கம்பியோடு முறுக்க வேண்டும். பழைய அட்டை மேல் நேரடியாகக் கால் வைக்கக்கூடாது. இரண்டு சட்டத்துக்குக் குறுக்கே பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும். புயலுக்கு முந்தைய நாள் அட்டை உடைந்து விழுந்து இடுப்பொடிவது அரிதான விஷயம் அல்ல.

கீற்றுக் கூரைக்கு எங்கள் கரையில் நல்ல உபாயம் பழைய வலை. கூரை முழுவதும் வலையை விரித்து, மூன்றடிக்கு ஒன்றாக முகட்டின் மேல் கயிறு போட்டு, இரண்டு பக்கமும் தரையில் அடித்த முளையில் கட்டுவது. முளை மூன்றடி ஆழம் இறங்க வேண்டும், தலை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் சாக்குத் துண்டு வைக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் அறுந்துவிடும். முளைக்குப் பதிலாகத் திண்ணைத் தூணிலோ வேலிக் காலிலோ கட்டுவது வீண். இவ்வளவும் கீற்றைக் காப்பாற்றுவதற்குத்தான். கீற்று வீட்டில் அன்று இரவு யாரும் தங்கக்கூடாது, எவ்வளவு கட்டியிருந்தாலும்.

ஜன்னலை ஒரு பக்கம் திறந்து வைத்தால் காற்று உள்ளே வந்து வெளியே போய்விடும், வீடு பிழைக்கும் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. இது ஆபத்தான தவறு. உள்ளே வரும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், வெளிக்காற்று மேலிருந்து உறிஞ்சும், இரண்டும் சேர்ந்தால்தான் கூரை போகிறது. எல்லாவற்றையும் மூட வேண்டும்.

மொட்டை மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைக் கடைசிவரை நிரப்பி வைக்க வேண்டும். 1000 லிட்டர் நிறைந்தால் ஒரு டன், அசையாது. காலியாக இருந்தால் குழாயையும் பிய்த்துக்கொண்டு தெருவுக்குப் போகும். டிஷ் ஆன்டெனா, சோலார் தகடு, பூந்தொட்டி, அடுக்கி வைத்த ஓடு எல்லாம் அடுத்த வீட்டுச் சுவரில் மோதும் பொருள்கள். அவற்றை இறக்குவதை ஊர் வேலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தென்னை

கஜா பற்றி அதிகம் பேச வேண்டியது இதைத்தான். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, ஆலங்குடிப் பக்கத்துத் தோப்புகள் கடலிலிருந்து உள்ளே இருப்பவை. புயல் மீனவர் சமாச்சாரம் என்ற எண்ணம் அங்கே இருந்தது. காற்று கரை ஏறிய பிறகும் பலம் உடனே குறையாமல் போய் முப்பது நாற்பது வருடத்து மரங்களைச் சாய்த்தது. தென்னை ஒரு பருவப் பயிர் அல்ல. விழுந்த மரத்தின் இடத்தில் புதுக் கன்று காய்க்க நெட்டை ரகம் என்றால் ஆறேழு வருடம் ஆகும். அத்தனை வருடத்துக்கு ஒரு குடும்பத்தின் வருமானம் நின்றுபோனது.

மரத்தின் தலையில் இருக்கும் சுமையையும் காற்று பிடிக்கும் பரப்பையும் குறைப்பதுதான் செய்யக்கூடியது. காய்த்த மரத்தில் நான்கைந்து குலை, ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து காய், காய் ஒன்று ஒரு கிலோவுக்கு மேல். ஐம்பது அறுபது கிலோ உச்சியில் ஆடிக்கொண்டிருக்கிறது. முற்றிய குலையையும் கனத்த இளநீர்க் குலையையும் இறக்கிவிட வேண்டும். அடிவட்டத்தில் தொங்கும் மட்டைகளை வெட்ட வேண்டும். ஆசைப்பட்டு மேல்மட்டையையும் சேர்த்து மொட்டையடித்தால் மரம் நிற்கலாம், ஆனால் அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் குரும்பை உதிர்ந்துகொண்டே இருக்கும். கிடைமட்டத்துக்குக் கீழே சாய்ந்த மட்டை மட்டும் போதும். மேல்நோக்கி நிற்பவை காற்றில் ஒன்றாகக் குவிந்து வளைந்துகொள்ளும்.

நல்ல ஏறுகிற ஆள் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது மரம் பார்ப்பார். புயல் என்றதும் எல்லாத் தோப்புக்காரரும் ஒரே ஆளைக் கூப்பிடுவார்கள், கூலி ஏறும், ஆளே கிடைக்காது. ஐந்நூறு மரத்தையும் மூன்று நாளில் முடிப்பது நடக்காத காரியம். ஆகவே வரிசை வேண்டும்: முதலில் வீட்டின் மேல் சாய்ந்த மரம், அடுத்து மின்கம்பி அருகே நிற்பவை, பிறகு ஊர்ப்பாதையை மறிக்கக் கூடியவை, கடைசியில்தான் தோப்பு நடு. அக்டோபரிலேயே ஒரு வெட்டை முடித்துவைக்கும் வழக்கம் வந்தால் இந்த நெருக்கடி பாதி குறையும். மழைக்காலத்தில் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தி, தேங்கியதை வடித்துவிட வேண்டும். நனைந்து குழம்பின மண்ணில் வேருக்குப் பிடிப்பு இல்லை. முறிந்த மரங்களைவிட வேரோடு பெயர்ந்தவை அதிகம் இருக்கும் தோப்பைப் பார்த்தாலே அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

வாழைக்கு முட்டுக் கட்டுவது 60, 70 கிலோமீட்டருக்கு உதவும். அதற்கு மேல் முக்கால் முற்றின தாரை வெட்டி விற்றுவிடுவதே லாபம். நெல்லுக்கு இந்த மூன்று நாளில் யூரியா போடக்கூடாது, போட்டது முழுதும் வடிகாலுக்குப் போகும்.

வடிகால்

டெல்டாவின் கடைமடையில் காற்றைவிட நின்ற தண்ணீர்தான் நெடுநாள் வலி. அடப்பாறு, அரிச்சந்திரா நதி, முள்ளியாறு எல்லாம் கடலுக்குப் போக வேண்டும். கடல் உயர்ந்திருந்தால் போகாது. வாய்க்காலில் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்திருந்தால் கடல் இறங்கிய பிறகும் போகாது. முழு வாய்க்காலையும் தூர்வார நேரம் இருக்காது. மதகின் வாய், பாலத்துக்கு அடியில் உள்ள குழாய், வாய்க்கால் வளைவு, இந்த மூன்று இடத்தை மட்டும் ஒரு ஜே.சி.பி.யை வைத்து ஒரு நாளில் பார்த்துவிடலாம். வாரிப் போட்ட செடியைக் கரையிலேயே குவித்தால் முதல் மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளும். தூரத்தில் கொண்டு போடவேண்டும்.

கடைமடை ரெகுலேட்டரின் பலகையை யார் இறக்குவது, யார் ஏற்றுவது என்பதை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். கடல் ஏறும்போது மூடாவிட்டால் உப்புநீர் வயலுக்குள் வரும். கடல் இறங்கும்போது திறக்காவிட்டால் மழைநீர் வெளியே போகாது. ஏற்றமும் இறக்கமும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். சாவி ஒருவரிடம், கைப்பிடி இன்னொருவரிடம், இரண்டு பேரும் வேறு ஊரில் என்றால் சம்பா போய்விடும். துருப்பிடித்த திருகுக்கு இப்போதே கிரீஸ் போட்டு ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

படகு

கஜாவின்போது புஷ்பவனம், வெள்ளப்பள்ளம் கரையில் கடல் சேற்றை வாரி ஊர்ப்பக்கம் கொட்டியது. படகுகளும் வலைகளும் அதற்குள் புதைந்தன. கரையிலேயே நான்கு கயிற்றில் கட்டி வைத்தால் போதும் என்ற கணக்கு அங்கே பொய்த்தது. ஃபைபர் படகை டிராக்டர் வைத்து ஊர் மேட்டுக்கே கொண்டுபோக வேண்டும். ஒரு டிராக்டர் ஒரு படகை இழுத்துவிட்டுத் திரும்ப இருபது நிமிடம், அரை மணி ஆகும். நூறு படகு உள்ள ஊருக்கு இரண்டு டிராக்டர் இரவு பகலாக ஓட வேண்டும். எந்தப் படகு முதலில் என்ற தகராறு வராமலிருக்க ஊர்ப் பஞ்சாயத்தார் வரிசையைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வது நல்ல முறை.

என்ஜினையும் வலையையும் முதலில் இறக்கிவிட வேண்டும். வலையை மெத்தை வீட்டுக்குள் (கான்கிரீட் கூரை வீடு), தரையிலிருந்து உயரத்தில் வைக்க வேண்டும். டீசலை வடித்துவிட வேண்டும். படகுக்குள் தண்ணீர் நிரப்பிக் கனமாக்குவது உண்டு; சமதரையில் மணல் மேல் இருந்தால் பலன் தரும், மேடு பள்ளத்தில் இருந்தால் அடிப்பகுதி பிளக்கும். மணல் மூட்டையை அடியில் பரப்புவது பாதுகாப்பு. பக்கத்துப் படகோடு கட்டினால் ஒன்று கிளம்பும்போது மற்றதையும் இழுக்கும். பனையின் அடியில் கட்டலாம்.

துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகு வேறு விஷயம். கடுவையாற்றில் நெருக்கி நிறுத்தினால் ஒன்றையொன்று இடித்தே பாதி போகும். இடைவெளி, இடையில் பழைய டயர், முன்னும் பின்னும் தனித்தனி வடம். வடத்தை விறைக்கக் கட்டினால் நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்ததும் அறுக்கும், அல்லது கட்டின கொம்பைப் பிடுங்கும். தளர்வு விட வேண்டும். எவ்வளவு கட்டினாலும் காவலுக்கென்று படகில் ஆள் படுக்கக்கூடாது.

கடலில் இருப்பவர்கள் கணக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கரைக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான்: பல நாள் தங்கல் போனவர்களுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு படகும் எந்தத் திசை, எத்தனை ஆள், எந்த நாள் கிளம்பியது என்று கரையில் ஒரு நோட்டில் எழுதும் பழக்கம் வருடம் முழுவதும் இருந்தால்தான் அந்த 72 மணி நேரத்தில் பயன்படும்.

ஆட்களை இடம் மாற்றுவது

வருவாய்த்துறை, காவல்துறை, ஊர்ப் பஞ்சாயத்து எல்லாம் சேர்ந்து சொன்னாலும் வீட்டை விட்டு வராதவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்குவது தவறு. ஆடு மாட்டுக்கு வழி சொல்லாமல், கதவில்லாத வீட்டுக்கு காவல் சொல்லாமல், வயசுக்கு வந்த பெண் பிள்ளைகள் போகக் கழிப்பறை இல்லாத பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னால் யாரும் தயங்கத்தான் செய்வார்கள். இதைவிட வேதனையான காரணம் ஒன்று உண்டு: பள்ளியோ மண்டபமோ வேறு தெருவில் இருக்கிறது, அங்கே போனால் மரியாதையாக உட்கார விடுவார்களா என்ற சந்தேகம். கடலோரக் கிராமத்தில் இது கற்பனைப் பயம் அல்ல. முகாம் எல்லாத் தெருவுக்கும் பொது, ஒரே சமையல், ஒரே பந்தி என்று ஊர்ப் பெரியவர்கள் முன்கூட்டியே, எல்லாரும் கேட்க, ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் ஒரே அறிவிப்பு ஒரே வார்த்தையில் போனால் மக்கள் நம்புவார்கள்.

ஒரு நோட்டில் பெயர்ப்பட்டியல் வேண்டும். போன் அணைந்த பிறகு காகிதம்தான் பேசும். படுக்கையில் இருப்பவர், தனியாக இருக்கும் முதியவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், பிரசவத் தேதிக்கு மூன்று வாரத்துக்குள் இருக்கும் கர்ப்பிணிகள். கர்ப்பிணிகளைக் கிராம சுகாதாரச் செவிலியர் மூலம் இரண்டு நாள் முன்பே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். மரம் விழுந்த பாதையில் 108 வர முடியாது. இன்சுலின் போடுபவர்கள் மருந்தை ஒரு மூடின டப்பாவில் போட்டு, ஈரமணல் உள்ள மண்பானைக்குள் வைத்துக்கொள்ளலாம். அதே நோட்டில் டிராக்டர், ஜெனரேட்டர், மரம் அறுக்கும் செயின் சா யாரிடம் இருக்கிறது என்பதையும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070 என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

முகாமில் நூறு பேருக்கு ஒரு வேளைக்கு 15 கிலோ அரிசி, சாம்பாருக்கு மூன்று கிலோ பருப்பு. குடிக்க மட்டும் நாளைக்கு 300 லிட்டர். சமையல், கழுவல், கழிப்பறை எல்லாம் சேர்த்தால் 1500 லிட்டர். அரிசி எப்படியாவது வந்துவிடும். தட்டுப்பாடாவது தண்ணீரும், காய்ந்த விறகும், கழிப்பறை வாசலில் ஒரு விளக்கும்.

ஆடு மாட்டைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிட வேண்டும். கஜாவில் செத்த கால்நடைகளில் கட்டியிருந்த இடத்திலேயே கிடந்தவை ஏராளம். மேட்டுத் திடலில், மரத்துக்கும் அட்டைக் கொட்டகைக்கும் தள்ளி, கழுத்துக் கயிறு இல்லாமல் விட்டால் மாடு காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்ளும். அடையாளத்துக்குக் கொம்பில் பெயின்ட்.

அந்த இரவு

மின்சார வாரியம் நிறுத்துவதற்கு முன்பே மெயினை அணைத்துவிட வேண்டும். கட்டடத்தின் உள்ளறையில், ஜன்னலுக்குத் தள்ளி. காற்று சட்டென்று ஓய்ந்தால் யாரும் வெளியே போகக்கூடாது. அது புயலின் கண். கால் மணி நேரமோ, முக்கால் மணியோ அமைதி இருக்கும், நட்சத்திரம்கூடத் தெரியலாம். மாட்டைப் பார்க்க, கூரையைப் பார்க்க என்று போனவர்கள் மேல்தான் எதிர்த்திசைக் காற்று மரத்தைச் சாய்க்கும். காற்று எந்தத் திசையில் நின்றது என்று கவனியுங்கள். அதற்கு எதிர்த்திசையிலிருந்து அடித்து, படிப்படியாகத் தணிந்த பிறகுதான் புயல் முடிந்தது. பேட்டரி வானொலியில் திருச்சி, காரைக்கால் நிலையங்கள் சொல்வதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

பின்வரும் நாள்கள்

கஜாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. வெளியிலிருந்து உதவி முதலில் வருவது பெரிய சாலை ஓரத்து ஊர்களுக்கு. உள்ளே இருக்கும் ஊர் தன் பாதையைத் தானே திறந்துகொள்ள வேண்டும்.

செயின் சா இரண்டு, கூடுதல் சங்கிலி நான்கு, அரம், இரண்டு கேன் பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது பல இயந்திரங்களுக்குச் சரி. சிலவற்றுக்கு 25 மி.லி., இயந்திரத்தின் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றினால் சில நிமிடத்தில் பிஸ்டன் இறுகி இயந்திரம் போய்விடும். தென்னை நார் சங்கிலியைச் சீக்கிரம் மழுக்கும், மண் பட்டால் இன்னும் சீக்கிரம். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் அரம் போட வேண்டும். வளைந்து கிடக்கும் மரத்தில் அமுங்கிய பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு இழுபட்டிருக்கும் பக்கம் அறுக்க வேண்டும். நேரே இழுபட்ட பக்கத்தில் கை வைத்தால் மரம் பிளந்து ஆள் மேல் தெறிக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தை அறுக்கும்போது வேர்க்கட்டி திரும்பக் குழிக்குள் விழும். அந்தப் பக்கம் குழந்தைகள் நிற்கக்கூடாது. மின்கம்பி சுற்றிய மரத்தை மின்சார வாரியத்தார் வந்து உறுதி சொல்லும்வரை தொடவே கூடாது.

ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டக்கூடாது, புகை தெரியாமலே கொல்லும். மெயினை அணைக்காமல், மாற்று சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரில் செருகினால் மின்சாரம் பின்வழியாகத் தெருக்கம்பிக்குப் போகும். கம்பத்தில் வேலை செய்பவர் ஊரைவிட்டு ஊர் வந்து, மழையில் நின்று நமக்காக உழைப்பவர். அவர் உயிர் இந்த ஒரு சுவிட்சில் இருக்கிறது.

ஊர் மேல்நிலைத் தொட்டியை மின்சாரம் போகுமுன் நிரப்பி வால்வை மூடிவைத்தால் இரண்டு நாள் சமாளிக்கலாம். பிறகு ஜெனரேட்டர்: 5 எச்.பி. மோட்டாருக்கு 10 முதல் 15 கே.வி.ஏ. வேண்டும், சிறியது மோட்டாரைக் கிளப்பாது. வாடகையைப் புயலுக்கு முன்பே பேசி முன்பணம் கொடுத்துவிட வேண்டும். பிறகு பேசினால் கேட்ட விலைதான். தெளிந்த தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர் போதும், வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு அது போதாது. சுகாதார ஆய்வாளரின் குளோரின் சோதனைப் பெட்டியில் ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மி.கி. அளவு காட்டும்வரை போட வேண்டும். திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. ஏ.டி.எம்., பெட்ரோல் பங்க் எதுவும் ஓடாது. சில்லறை நோட்டாகப் பணம் கையில் இருக்க வேண்டும்.

நிவாரணத்துக்கு வரும் கணக்கெடுப்பில் அதிகம் தோற்பவர்கள் ஆதாரம் இல்லாதவர்கள். வீடு, தோப்பு, படகு, என்ஜின் எண் எல்லாவற்றையும் புயலுக்கு முன்பே தேதியோடு போட்டோ எடுத்து, ஊரைவிட்டு வெளியே இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவிடுவது நல்லது. பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள். விழுந்த மரத்தை அறுப்பதற்கு முன் தோப்பை நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் வருமுன் தோப்பைச் சுத்தம் செய்துவிட்டு எண்ணிக்கைக்கு அலைந்தவர்கள் உண்டு. பயிர்க் காப்பீட்டில், அறுத்து வயலில் காயப் போட்ட கதிர் நனைந்ததற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும்.

கடல்நீர் நின்ற வயலில் அதைக் காயவிடாமல், அடுத்த மழைநீரைத் தேக்கித் தேக்கி வடிக்க வேண்டும். காய்ந்தால் உப்பு மேலே பூத்துவிடும். சாய்ந்த இளங்கன்றுகளை ஒரு வாரத்துக்குள் நிமிர்த்தி மண் அணைத்து முட்டுக் கொடுத்தால் பிழைக்கும். நிற்கும் மரங்களில் குருத்து ஒடிந்தவற்றுக்கு ஒரு சத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து) ஊற்றினால் குருத்தழுகல் வராது. விழுந்த தென்னந்துண்டுகளைத் தோப்பிலேயே மக்கவிடக் கூடாது. மாதக்கணக்கில் கிடந்தால் காண்டாமிருக வண்டு அதற்குள் முட்டையிட்டுப் பெருகி, தப்பிப் பிழைத்த மரங்களின் குருத்தைக் குடையும். பலகைக்கு, செங்கல் சூளைக்கு, கரை கட்ட என்று எதற்காவது தள்ளிவிட வேண்டும். வாங்க ஆள் இல்லையென்றால் துண்டை நெடுக்கே பிளந்து போட்டால் உள்ளே இருக்கும் மென்மையான சோறு சீக்கிரம் உலரும், வண்டு அண்டாது.